வாசகர் கேள்வி – பதில்: கிளெமென்ட் அட்லீயின் அரசியல் வாழ்வு

சென்ற இதழில், 1945ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பொதுத்தேர்தல் பற்றிய ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். போரில் வென்ற சர்ச்சிலைத் தோற்கடித்து, தொழிற்கட்சித் தலைவர் கிளெமென்ட் அட்லீயை மக்கள் பிரதமராக்கினர் என்பதே அந்தப் பதிலின் சாரம். அட்லீயைப் பற்றி விரிவாக எழுதுமாறு கேட்டு வந்த கடிதங்கள் மிகுதியாக இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): தொழிற்கட்சிக்கு இருபது ஆண்டுகள் தலைவராக இருந்த அட்லீ, தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர்தானா?

இல்லை. 1883 ஜனவரி 3 அன்று லண்டனின் பட்னி பகுதியில், வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில், எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர் அவர். அவர் படித்த ஹெய்லிபரி உறைவிடப் பள்ளி, ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பும் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியின் வளாகத்திலேயே நடந்துவந்தது. பின்னர் ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்து, 1906இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அந்த வயதில் அவருடைய அரசியல் கருத்துகள் பழமைவாதக் கட்சியை ஒட்டியே இருந்தன.

அவரை மாற்றியது கிழக்கு லண்டன். ஹெய்லிபரி பள்ளியின் ஆதரவில் ஸ்டெப்னியில் ஏழைச் சிறுவர்களுக்காக நடந்துவந்த ஒரு மன்றத்துக்கு 1905இல் அவர் தொண்டு செய்யப் போனார். பிறகு அதன் மேலாளராகி, அங்கேயே குடியேறினார். துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்குக் காத்து நிற்கும் தகப்பன்மாரையும், வேலை கிடைக்காத நாளில் அடுப்பெரியாத வீடுகளையும் பக்கத்திலிருந்து பார்த்தபோது, வறுமை என்பது சோம்பலின் விளைவு என்று தம் வகுப்பார் சொல்லிவந்த விளக்கம் பொய் என்று உணர்ந்தார். தனிமனிதரின் தருமத்தால் மட்டும் இது தீராது என்ற முடிவுக்கு வந்து, 1908இல், தொழிற்கட்சியோடு இணைந்து இயங்கிய சோசலிச அமைப்பான சுயேச்சைத் தொழிற்கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஏழைகளை அவமதித்துவந்த பழைய வறியோர் சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று சமூகச் சீர்திருத்தவாதி பியாட்ரிஸ் வெப் நடத்திய இயக்கத்தில் பணியாற்றினார். 1911இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைப் பொதுமக்களுக்கு விளக்கும் அரசுப் பணியை ஏற்று, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதைவிடப் பன்மடங்கு விரிந்த காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றிய அரசின் தலைவர், அந்தப் பழைய சட்டத்தின் ஓட்டைகளை எளியவர்களின் கேள்விகள் வழியாகவே அறிந்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி (ஈரோடு வாசகி): அவரை 'மேஜர் அட்லீ' என்று சில பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர் இராணுவத்தில் இருந்தாரா?

ஆம். முதல் உலகப் போர் தொடங்கியபோது முப்பது வயதைக் கடந்திருந்தும் தாமாக முன்வந்து படையில் சேர்ந்து, துருக்கியின் கலிப்பொலி, மெசப்பொத்தேமியா (இன்றைய ஈராக்), பிரான்ஸ் ஆகிய மூன்று களங்களிலும் பணியாற்றினார். கலிப்பொலியின் சுவ்லா விரிகுடாவிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது கடைசிக்கு முந்தைய ஆளாக வெளியேறியவர் அவர்தான். மெசப்பொத்தேமியாவில் 1916இல் குண்டுச் சிதறல்களால் காயமடைந்தார். அவருடைய அண்ணன் டாம் இதே போரில் மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர். இருவரும் இறுதிவரை பாசத்தோடு கடிதம் எழுதிவந்தனர். கலிப்பொலித் தாக்குதலுக்குக் காரணமான சர்ச்சிலை நாடே பழித்தபோதும், அந்தத் திட்டம் சரியானது, நிறைவேற்றிய விதம்தான் தவறு என்று அட்லீ கருதினார். பின்னாளில் இருவரும் ஒரே அமைச்சரவையில் ஐந்தாண்டுகள் உட்கார முடிந்ததற்கு இந்த எண்ணமும் ஓரளவு துணை செய்திருக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): மேடைப் பேச்சும் கவர்ச்சியும் இல்லாத ஒருவர் கட்சித் தலைவரானது எப்படி?

ஓரளவு வரலாற்றின் விபத்தால், மீதி அவருடைய உழைப்பால். 1919இல் ஸ்டெப்னியின் மேயராக இருந்த அட்லீ, 1922இல் லைம்ஹவுஸ் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அப்போதைய கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டின் நாடாளுமன்றச் செயலராகவும் பின்னர் இளைய அமைச்சராகவும் இருந்தார். 1931இல் பொருளாதார நெருக்கடியின்போது, பிரதமராக இருந்த மக்டொனால்ட் தம் கட்சியைக் கைவிட்டுப் பழமைவாதிகளோடு சேர்ந்து 'தேசிய அரசு' அமைத்தார். அதைத் தொடர்ந்த தேர்தலில் தொழிற்கட்சி 52 இடங்களாகச் சுருங்கியது. ஹெண்டர்சன், மாரிசன், டால்டன் என்று பெரிய பெயர்கள் எல்லாம் தோற்றன. அட்லீ வெறும் 551 வாக்குகள் வித்தியாசத்தில் தப்பினார். எஞ்சியவர்களில் அமைச்சரவை அனுபவம் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில், வயது முதிர்ந்த ஜார்ஜ் லான்ஸ்பரி தலைவரானார், அட்லீ துணைத் தலைவரானார். நிதி, வெளியுறவு, இந்தியா என்று எந்தப் பொருள் விவாதத்துக்கு வந்தாலும் எழுந்து பேச வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அந்த நான்காண்டுகளில் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் அவரை நம்பக் கற்றுக்கொண்டார்கள்.

1935இல் இத்தாலி அபிசீனியாவை (இன்றைய எத்தியோப்பியா) அச்சுறுத்திய வேளையில், போரை எந்த வடிவிலும் ஏற்காத லான்ஸ்பரி, பிரைட்டன் மாநாட்டில் தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவினின் கடுமையான தாக்குதலுக்குப் பின் விலகினார். தேர்தல் நெருங்கியதால் அட்லீ தற்காலிகத் தலைவரானார். தேர்தலில் கட்சி 154 இடங்கள் பெற்றது. பின்னர் நடந்த தலைவர் தேர்வில், முதல் சுற்றில் அட்லீக்கு 58, ஹெர்பர்ட் மாரிசனுக்கு 44, ஆர்தர் கிரீன்வுட்டுக்கு 33 வாக்குகள் விழுந்தன. இறுதிச் சுற்றில் 88க்கு 48 என்று மாரிசனை வென்றார். சில மாதங்கள்கூடத் தாங்க மாட்டார் என்று கட்சிக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்.

கேள்வி (கோவை வாசகர்): ஹிட்லரை எதிர்ப்பதில் தொழிற்கட்சி தயங்கியது என்பது உண்மையா?

பாதி உண்மை. பாசிசத்தை அட்லீ தொடக்கத்திலிருந்தே வெறுத்தார். 1937இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கே சென்று, பாசிச ஆதரவுப் படைகளை எதிர்த்த குடியரசுப் படையினரைச் சந்தித்தார். பிரிட்டிஷ் தொண்டர் படைப்பிரிவின் ஒரு கம்பெனிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938ஆம் ஆண்டு மூனிச் உடன்பாட்டைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அதே ஆண்டுகளில், 1937 வரை பாதுகாப்புச் செலவு மதிப்பீடுகளை எதிர்த்து அவருடைய கட்சி வாக்களித்துவந்தது. 1939 ஏப்ரலில் கட்டாய இராணுவச் சேவையையும் அவர் எதிர்த்தார். சர்வாதிகாரியை எதிர்க்க வேண்டும், ஆனால் ஆயுதத்தை இந்த அரசின் கையில் கொடுக்கக் கூடாது என்ற நிலைப்பாடு உள்முரண் கொண்டது. அவரைப் போற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது சரியல்ல.

1940 மே மாதத்தில் அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. நார்வே தோல்வி பற்றிய விவாதத்துக்குப் பின், பிரதமர் சேம்பர்லினின் கீழ் பணியாற்ற மாட்டோம், வேறொரு பிரதமரின் கீழ் பணியாற்றுவோம் என்று போர்ன்மவுத்தில் கூடியிருந்த கட்சிச் செயற்குழுவின் முடிவை அட்லீ தொலைபேசியில் தெரிவித்தார். சர்ச்சில் பிரதமரானார். அந்த மாத இறுதியில், இத்தாலி வழியாகச் சமரசம் தேடலாமா என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் கேட்டபோது, ஐவர் கொண்ட போர் அமைச்சரவையில் அட்லீயும் கிரீன்வுட்டும் உறுதியாகச் சர்ச்சிலின் பக்கம் நின்றார்கள். அவர்கள் இருவரும் மாறி நின்றிருந்தால் ஐரோப்பாவின் கதையே வேறாகியிருக்கும். 1942இல் அட்லீ துணைப் பிரதமரானார். பிரிட்டனில் அந்தப் பதவியை முறையாக ஏற்ற முதல் மனிதர் அவர்தான். சர்ச்சில் வெளிநாடு செல்லும்போதெல்லாம் அமைச்சரவையை அவரே நடத்தினார். 1945 ஜனவரியில், அமைச்சர்கள் உழைத்துத் தயாரித்த அறிக்கைகளைச் சர்ச்சில் படிக்காமலே கூட்டத்துக்கு வருவதைக் கண்டித்து அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். உதவியாளர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அதைத் தாமே தட்டச்சு செய்தார்.

கேள்வி (சேலம் வாசகி): 1945 வெற்றிக்குக் காரணம் என்ன?

போர் முடிந்தால் வேலையின்மையும் பட்டினியும் நிறைந்த 1930கள் திரும்பி வருமோ என்ற அச்சம். முதல் போருக்குப் பின் கொடுத்த வாக்குறுதிகள் காற்றில் போனதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒரு குடிமகனுக்கு அரசு தர வேண்டிய பாதுகாப்பை எழுத்தில் வைத்தது. அதை மெய்யாக நிறைவேற்றுவார்கள் என்று மக்கள் நம்பியது தொழிற்கட்சியைத்தான். சர்ச்சிலின் ஜூன் 4 வானொலி உரை, சோசலிசம் ஏதாவதொரு வகைக் கெஸ்டபோ (ஹிட்லரின் இரகசியக் காவல்படை) இல்லாமல் இயங்காது என்று சொன்னது. ஐந்தாண்டுகள் தம்மோடு உழைத்த சகாக்களைப் பற்றி அவர் இப்படிப் பேசியதைக் கேட்டு அவருடைய ஆதரவாளர்களே வருந்தினார்கள். மறுநாள் அட்லீ அமைதியாகப் பதிலளித்தார். ஜூலை 26 அன்று முடிவு வந்தபோது தொழிற்கட்சிக்கு 393 இடங்கள் கிடைத்திருந்தன.

கேள்வி (சென்னை வாசகர்): மருத்துவம் இலவசம், நாட்டுடைமை என்று அந்த ஆட்சி செய்தவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? போரில் பிரிட்டன் திவாலாகிவிட்டதே?

இந்தக் கேள்வி அட்லீ அரசின் நடு நரம்பைத் தொடுகிறது. ஜப்பான் சரணடைந்த சில நாள்களிலேயே அமெரிக்கா தன் போர்க்கால உதவியைச் சட்டென்று நிறுத்தியது. வேறு வழியின்றி அமெரிக்காவிடம் 375 கோடி டாலரும் கனடாவிடம் 125 கோடி டாலரும் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனின் நிபந்தனைப்படி 1947இல் பவுண்டைத் தடையின்றி டாலராக மாற்ற அனுமதித்தபோது கையிருப்பு சில வாரங்களில் கரைந்ததால், அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதே ஆண்டின் கொடும் குளிர்காலத்தில் நிலக்கரி கிடைக்காமல் ஆலைகள் மூடின. போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு வராத ரொட்டி, 1946இலிருந்து 1948 வரை பங்கீட்டு அட்டைக்குப் போனது. 1949இல் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தச் சட்டங்கள் நிறைவேறின. இங்கிலாந்து வங்கி 1946இலும், நிலக்கரிச் சுரங்கங்கள் 1947 புத்தாண்டிலும், இரயில்வே 1948 புத்தாண்டிலும் நாட்டுடைமையாயின. மின்சாரமும் எரிவாயுவும் தொடர்ந்தன. நோய், வேலையிழப்பு, முதுமை, விதவை நிலை ஆகியவற்றுக்கு 1946ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் உரிமையோடு கூடிய உதவித்தொகை தந்தது. 1948இல் இயற்றப்பட்ட தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்டத்தை முற்றிலும் நீக்கியது. இளைஞராக எதை ஒழிக்கப் புறப்பட்டாரோ அதை ஒழித்த ஆட்சிக்கு அவரே தலைவராக இருந்தார். பொதுவாழ்வில் மிகச் சிலருக்கே அந்த நிறைவு வாய்க்கும்.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அதை உருவாக்கிய சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். முன்னே சொன்ன தொழிற்சங்கத் தலைவரும் இந்த ஆட்சியின் வெளியுறவு அமைச்சருமான பெவின் வேறு, இவர் வேறு. மருத்துவமனைகளை உள்ளாட்சிகளிடமே விட்டுவிட வேண்டும் என்று மாரிசன் வாதிட்டார். எல்லாவற்றையும் ஒரே தேசிய அமைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று பெவன் வாதிட்டார். இருவரையும் பேசவிட்டுக் கேட்ட அட்லீ, பெவனின் பக்கம் தீர்த்தார். மருத்துவர் சங்கம் இறுதி மாதங்கள் வரை எதிர்த்தது. ஆனால் இராணுவச் செலவும் கடனும் கழுத்தை நெரித்த காலத்தில், காசில்லாதவனுக்கும் கண்ணாடியும் பல்செட்டும் அறுவைச் சிகிச்சையும் கிடைக்கும் ஒரு முறையைத் தொடங்க ஓர் அரசு துணிந்தது. அந்தத் துணிவை நாம் மனமாரப் போற்றுகிறோம். பணம் இருக்கும்போது செய்கிறேன் என்று அட்லீ சொல்லியிருந்தால் அந்த நாள் வந்தே இருக்காது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பெவின், பெவன், கிரிப்ஸ், மாரிசன் போன்ற பெரிய ஆளுமைகள் அவரைக் கவிழ்க்க முயலவில்லையா?

முயன்றார்கள், பலமுறை. வெற்றி அறிவிக்கப்பட்ட அன்றே, நாடாளுமன்றக் கட்சி கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்த பிறகே அரண்மனைக்குப் போக வேண்டும் என்று மாரிசன் வாதிட்டார். உடனே போங்கள் என்று பெவின் சொல்ல, அட்லீ தம் மனைவி வயலட் ஓட்டிய சொந்தக் காரில் ஏறி மன்னரைப் பார்க்கப் போய்விட்டார். 1947 செப்டம்பரில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், நீங்கள் விலகிப் பெவினைப் பிரதமராக்குங்கள் என்று வர்த்தக அமைச்சர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ் நேரிலேயே வந்து கேட்டார். அட்லீ அங்கேயே பெவினுக்குத் தொலைபேசியில் பேசினார். தமக்கு அந்த எண்ணம் இல்லை என்று பெவின் சொல்லிவிட்டார். பிறகு கிரிப்ஸை வெளியேற்றாமல், பொருளாதாரம் முழுவதையும் ஒருங்கிணைக்கும் புதிய அமைச்சர் பதவியை அவருக்கே அளித்தார். இரண்டு மாதங்களுக்குள், வரவுசெலவுத் திட்டத்தின் விவரத்தைச் செய்தியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்ட டால்டன் விலக, கிரிப்ஸ் நிதியமைச்சரானார். தம்மை அகற்ற வந்தவரின் திறமையை நாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் மனம் எத்தனை தலைவர்களுக்கு வரும்? கூட்டங்களில் அவர் குறைவாகவே பேசுவார். அறிக்கைகளை முழுதும் படித்துவிட்டு வருவார். பேசி முடித்தபின் முடிவைச் சில சொற்களில் அறிவிப்பார். தகுதி போதாத அமைச்சரை விலக்கும்போதும் அதே சுருக்கம்தான்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): இந்தியாவுக்கு விடுதலை கொடுத்தவர் என்று அட்லீயைப் புகழ்வது பொருந்துமா? சைமன் குழுவில் அவரும் இருந்தாரே?

விடுதலையை இந்திய மக்கள் போராடிப் பெற்றார்கள். அட்லீயின் பங்கு என்பது, அதைத் தடுக்காமல், காலம் தாழ்த்தாமல், சட்டமாக்கிய பங்கு. அதை அந்த அளவில் மதிப்பிட வேண்டும்.

இந்தியர் ஒருவர்கூட இல்லாத அந்த எழுவர் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தது உண்மை. குழு பம்பாயில் வந்திறங்கிய 1928 பிப்ரவரி 3 அன்று நாடெங்கும் கடையடைப்பு நடந்தது, சென்னையில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. லாகூர் ஊர்வலத்தில் தடியடிபட்ட லாலா லஜபதி ராய் சில வாரங்களில் காலமானார். 1930இல் வந்த குழுவின் அறிக்கை டொமினியன் தகுதியைக்கூட (பேரரசுக்குள் தன்னாட்சி) பரிந்துரைக்கவில்லை, அட்லீ அதில் கையெழுத்திட்டார். அந்தப் பயணங்கள் அவருக்கு இந்திய அரசியலின் உள்விவரங்களைக் கற்றுக்கொடுத்தன. அதன் பிறகு அவர் நகர்ந்த திசை தெளிவானது. 1935 இந்திய அரசுச் சட்டம் போதாது, டொமினியன் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதிட்டார். 1942இல் அமைச்சரவையின் இந்தியக் குழுவுக்குத் தலைவராக இருந்து கிரிப்ஸ் தூதுக்கு வழி செய்தார்.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் காந்தியையும் காங்கிரஸ் தலைவர்களையும் கைது செய்ய லண்டன் ஒப்புதல் அளித்தபோது, சர்ச்சில் வெளிநாட்டில் இருந்ததால் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் அட்லீ. 1943 வங்கப் பஞ்சத்தின்போதும் அவர் அந்தப் போர் அமைச்சரவையின் உறுப்பினர். இலட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மாண்ட அந்தக் காலத்துக்கான கூட்டுப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க முடியாது.

பிரதமரானபின் அவர் வேகமாகச் செயல்பட்டார். 1946 மார்ச் 15 அன்று, சிறுபான்மையினரின் அச்சங்களை மதிப்போம், ஆனால் பெரும்பான்மையினரின் முன்னேற்றத்தைத் தடுக்கும் உரிமையை ஒரு சிறுபான்மைக்குக் கொடுக்க முடியாது என்று காமன்ஸ் சபையில் அறிவித்தார். பெத்திக்-லாரன்ஸ், கிரிப்ஸ், அலெக்சாண்டர் ஆகிய மூவர் கொண்ட அமைச்சரவைத் தூதுக்குழு ஒன்றுபட்ட இந்தியாவுக்கு ஒரு திட்டம் தந்தது. காங்கிரசும் முஸ்லிம் லீகும் அதை வெவ்வேறு விதமாகப் பொருள்கொண்டதில் திட்டம் உடைந்தது. அந்த ஆகஸ்டில் கல்கத்தா இரத்தத்தில் மூழ்கியது. 1947 பிப்ரவரி 20 அன்று, 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைத்துவிடுவோம் என்று அட்லீ நாள் குறித்து அறிவித்தார். வேவலை மாற்றி மவுண்ட்பேட்டனை வைஸ்ராயாக்கினார். நாள் குறித்தால்தான் இந்தியத் தலைவர்கள் உடன்பாட்டுக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு. அங்கிருந்து நிகழ்ச்சிகள் ஓடின. ஜூன் 3இல் பிரிவினைத் திட்டம், ஜூலை 4இல் மசோதா, ஜூலை 18இல் மன்னரின் ஒப்புதல், ஆகஸ்ட் 15இல் விடுதலை. இந்தியாவைக் கண்டிராத சிரில் ராட்கிளிஃப், ஜூலை 8 அன்று வந்து, ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்கத்தையும் பிரிக்கும் கோட்டை வரைந்தார். அந்தக் கோடு விடுதலைக்கு இரண்டு நாள் கழித்தே மக்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். மாண்டவர்களின் கணக்கு சில இலட்சங்களிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேல் வரை ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடுகிறது.

பத்து மாதங்கள் முன்தள்ளி ஆகஸ்டுக்குக் கொண்டுவந்தது மவுண்ட்பேட்டனின் முனைப்பு என்றாலும், ஒப்புதல் தந்தது அட்லீயின் அமைச்சரவை. வெளியேற வேண்டும் என்ற முடிவு சரியானது, காலம் கடந்தும் வந்தது. வெளியேறும்போது உயிர்களைக் காக்கப் போதிய படையும் ஏற்பாடும் செய்யாமல் போனது பெரும் தவறு. இரண்டையும் சேர்த்தே அவர் கணக்கில் எழுத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): பிரிட்டன் வெளியேறியதில் காந்தியின் பங்கு மிகக் குறைவு, நேதாஜியின் படையே காரணம் என்று அட்லீ சொன்னதாகப் பரவும் செய்தி மெய்யா?

1956இல் அட்லீ கல்கத்தா வந்தபோது தம்மிடம் அப்படிச் சொன்னதாக, அப்போது மேற்கு வங்கத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்த நீதிபதி பி.பி. சக்கரவர்த்தி பல ஆண்டுகள் கழித்து எழுதியிருக்கிறார். தனி உரையாடல் ஒன்றைப் பற்றிய ஒருவரின் நினைவுக் குறிப்பு அது. அதை அட்லீயின் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வது வரலாற்று முறையாகாது. நேதாஜியின் படையினர் மீது நடந்த செங்கோட்டை விசாரணைகளும், 1946 பிப்ரவரிக் கடற்படைக் கிளர்ச்சியும் பிரிட்டிஷ் அரசை உலுக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் அமைச்சரவைத் தூதுக்குழுவை அனுப்பும் முடிவு கடற்படைக் கிளர்ச்சிக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பல பத்தாண்டுகளின் மக்கள் இயக்கம், படைவீரர்களின் மனமாற்றம், பிரிட்டனின் வெறுமையான கருவூலம், தொழிற்கட்சியின் கொள்கை ஆகிய யாவும் சேர்ந்த விளைவை ஒற்றைக் காரணத்துக்குள் அடைக்க முடியாது.

கேள்வி (ஹட்டன் வாசகி, இலங்கை): இலங்கைக்கு விடுதலை தந்ததும் இவருடைய அரசுதான். மலையகத் தமிழர் குடியுரிமை இழந்ததில் அதற்குப் பொறுப்பு இல்லையா?

சட்டப்படி இல்லை, அறப்படி உண்டு. இலங்கைச் சுதந்திரச் சட்டம் 1947 டிசம்பரில் நிறைவேறி, 1948 பிப்ரவரி 4 அன்று நாடு விடுதலை பெற்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு எதிரான சட்டங்களைத் தடுக்கும் என்று லண்டன் நம்பியது. அதே ஆண்டு இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம் பல இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1953இல், இலங்கை வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. தேயிலைக்காக அந்த மக்களைக் கடல் கடந்து அழைத்துச் சென்ற பேரரசு, அவர்களுடைய குடியுரிமையை ஒப்படைப்பின் நிபந்தனையாக எழுதிவைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாததை நாங்கள் குறையென்றே கருதுகிறோம்.

கேள்வி (வேலூர் வாசகர்): பிரிட்டன் அணுகுண்டு தயாரித்தது இவர் காலத்திலா?

முடிவு அவருடையது. 1947 ஜனவரியில் ஒரு சிறு அமைச்சர் குழு மட்டும் கூடி முடிவெடுத்தது. முழு அமைச்சரவைக்கோ நாடாளுமன்றத்துக்கோ சொல்லப்படவில்லை. முதல் சோதனை 1952 அக்டோபரில், சர்ச்சில் மீண்டும் பிரதமரான பின் நடந்தது. நாடாளுமன்ற ஆட்சியில் அத்தனை நம்பிக்கை கொண்டிருந்தவர் இதை மறைத்தது பொருந்தாத செயல்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): இவ்வளவு செய்தும் 1951இல் தோற்றது ஏன்?

வாக்கு எண்ணிக்கையில் தோற்கவில்லை. ஏறத்தாழ 1 கோடியே 39 இலட்சம் வாக்குகளோடு தொழிற்கட்சியே முதலிடம் பெற்றது. இடங்களில்தான் 321க்கு 295 என்று பழமைவாதிகள் முந்தினார்கள். தொழிற்கட்சியின் வாக்குகள் அதன் கோட்டைகளில் மலையாகக் குவிந்து கிடந்தன. அட்லீயின் அரசே கொண்டுவந்த தொகுதிச் சீரமைப்பு அவருடைய கட்சிக்கே பாதகமாக அமைந்தது. நியாயம் என்று கருதியதால் அதைச் செய்தார். 1950 தேர்தலில் பெரும்பான்மை ஐந்தாகச் சுருங்கியிருந்தது. கொரியப் போருக்காக இராணுவச் செலவு ஏறியது. அதை ஈடுகட்டப் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்ததை எதிர்த்து 1951 ஏப்ரலில் பெவனும் ஹரால்ட் வில்சனும் பதவி விலகினார்கள். அட்லீ அப்போது மருத்துவமனையில் இருந்தார். அதே மாதம் பெவின் மறைந்தார், கிரிப்ஸ் நோயால் ஏற்கெனவே விலகியிருந்தார். பத்தாண்டுகளுக்கும் மேலாக இடைவிடாமல் ஆட்சிப் பொறுப்பில் இருந்து களைத்துப்போன ஒரு தலைமுறை அது.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): "வெறும் டாக்சி வந்து நின்றது, அதிலிருந்து அட்லீ இறங்கினார்" என்று சர்ச்சில் கேலி செய்தாராமே?

சர்ச்சில் அப்படிச் சொல்லவில்லை. இந்தத் துணுக்கு தம் பெயரில் உலவுவதை அறிந்தபோது அவர் வருந்தி, அட்லீ நாட்டுக்கு உண்மையாக உழைத்த கண்ணியமான மனிதர், அப்படி ஒரு சொல்லை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று கண்டித்ததாக அவருடைய செயலர் ஜான் கோல்வில் பதிவு செய்திருக்கிறார். பிரிட்டிஷ் வரலாறும் அரசியலும் கற்பிக்கும் 139 பேராசிரியர்களிடம் 2004இல் நடத்திய கருத்தாய்வில், இருபதாம் நூற்றாண்டின் பிரதமர்களில் முதலிடம் அட்லீக்கும் இரண்டாமிடம் சர்ச்சிலுக்கும் கிடைத்தன.

கேள்வி (கரூர் வாசகி): அவருடைய குடும்பம், இறுதிக் காலம் பற்றிச் சொல்லுங்கள்.

1922இல் வயலட் மில்லரை மணந்தார். மூன்று மகள்கள், ஒரு மகன். தேர்தல் சுற்றுப்பயணங்களில் வயலட்டே கார் ஓட்டுவார். கிரிக்கெட்டும் குறுக்கெழுத்தும் அவருடைய பொழுதுபோக்குகள். பிரபு பட்டம் பெற்று மேலவைக்குச் சென்றபின், 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்வதை எதிர்த்துப் பேசினார். வயலட் 1964இல் மறைந்தார். அட்லீ 1967 அக்டோபர் 8 அன்று காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு 7,295 பவுண்டுகள்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): தோல்விக்குப் பிறகும் நான்காண்டுகள் தலைமையை விடாமல் இருந்தது சரியா?

எங்கள் கருத்தில் சரியல்ல. 1951க்குப் பிறகு பெவன் அணிக்கும், பல்செட்டுக் கட்டணத்தை விதித்த நிதியமைச்சராக இருந்த ஹ்யூ கெயிட்ஸ்கெல்லின் அணிக்கும் இடையே கட்சி பிளவுபட்டுக் கிடந்தது. அட்லீ விலகினால் பிளவு முற்றும் என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். 1955 மார்ச்சில் பெவன் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டபோது, கட்சியிலிருந்தே முழுமையாக வெளியேற்றப்படாமல் காத்ததில் அட்லீக்குப் பங்குண்டு. ஆனால் கொள்கை வழிகாட்டுதல் என்று எதையும் அந்த ஆண்டுகளில் அவர் தரவில்லை. நலவாழ்வு அரசைக் கட்டி முடித்தாயிற்று, அடுத்தது என்ன என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை. மாரிசனுக்கு வழிவிடக் கூடாது என்பதற்காகவே தாமதித்தார் என்று அன்றே பலர் பேசினார்கள். 1955 மே தேர்தலில் மீண்டும் தோற்று, டிசம்பரில் தமது 72ஆம் வயதில் விலகினார். தலைவர் தேர்வில் கெயிட்ஸ்கெல்லுக்கு 157, பெவனுக்கு 70, மாரிசனுக்கு 40 வாக்குகள் கிடைத்தன. 1951இலேயே அவர் விலகியிருந்தால் மாரிசனுக்கு நேர்மையான வாய்ப்பு ஒன்று கிடைத்திருக்கும், கட்சியும் தன் உட்பூசலை நான்காண்டுகள் முன்னதாகவே தீர்த்துக்கொண்டிருக்கும்.